தொண்ணூற்று நான்கு பேருக்கு ஒரு திருத்தம்

பரத் வேலையை விட்டுப் போனது 2023 ஜூலை பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. சைலஸுக்கு நேரம்கூட நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று எழுதிவைப்பதுதான் வாசல் காவலரான அவருடைய வேலை. பரத்தின் பெயருக்கு நேராக 11.15 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், பையன் தோளில் பையும் கையில் ஹெல்மெட்டுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"அங்கிள், புனேல வேலை கிடைச்சிருச்சு. மேடத்துக்கு மெயில் போட்டுட்டேன். கிளம்பறேன்."

"உள்ள பன்னெண்டு பேர் உனக்காக நிக்கறாங்களேப்பா."

"நீங்களே எதையாவது சொல்லி அனுப்பிடுங்க," என்றான் பரத். அடுத்த நிமிடம் பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கிறது அந்தப் பழைய பங்களா. சுமா மேடத்தின் மாமனார் வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடி வாங்கிய பழைய தேசப்படங்கள் அதற்குள் நான்கு அறைகளில் தொங்குகின்றன. முந்நூறு நானூறு வருஷத்துப் படங்கள். செப்புத் தகட்டில் இடம் வலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தி எடுத்தவை. தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம்கூடச் சில தாள்களில் இன்னும் தெரியும். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல இருந்த ஒரே ஆள் பரத்.

'இன்னைக்கு ஆள் இல்ல, நாளைக்கு வாங்க' என்று சொல்லத்தான் சைலஸ் உள்ளே போனார். மைசூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பன்னிரண்டு பேர், ஒரு படத்தின் முன்னால் வட்டமாக நின்றிருந்தார்கள். ஆன்ட்வெர்ப் நகரத்து ஒர்டேலியஸ் 1570இல் வெளியிட்ட படம் அது. இந்தியா ஒரு பக்கம், கிழக்கே சிதறிக் கிடக்கும் தீவுகள் மறுபக்கம், கடலில் கப்பலை முட்ட வரும் பெரிய மீன். கரையோரமாக ஊர்ப்பெயர்கள் சீப்பின் பற்கள் மாதிரி நெருக்கமாக நின்றன.

"இவ்வளவு ஊர் பேரும் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று ஒரு ஆசிரியை கேட்டார்.

நாலு வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல சைலஸின் வாய் திறந்துகொண்டது.

"நடந்தாரும்மா," என்றார் கன்னடத்தில். "ஒரு ஊர் பேர இங்க எழுதணும்னா அந்த ஊர்ல கால் வெச்சிருக்கணும். இது வெறும் படம் இல்ல, சர்வே. இந்தக் கரைய முழுக்க அந்த ஐயா சங்கிலி போட்டு அளந்து நடந்திருக்காரு. சங்கிலியோட அந்தப் பக்கத்த யாரு பிடிச்சிருப்பான்னு யோசிங்க. கூட ஒரு செயின்மேன் இருந்திருப்பாரு. அவரு பேரு எங்கயும் இருக்காது."

பதினைந்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டியது, ஒன்றரை மணி நேரம் ஓடியது. கிளம்பும்போது ஒரு ஆசிரியை சைலஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலையே சுமா மேடத்துக்கு அவர்களிடமிருந்து பாராட்டிப் போன் வந்தது. புதிய ஆள் கிடைக்கும்வரை சைலஸே பேசட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வாசலுக்கு வேறொரு காவலர் வந்தார். சைலஸின் நாற்காலி முதல் அறைக்குள் நகர்ந்தது.

சைலஸ் தன் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது கண்ணால் பார்த்த உண்மைக்குச் சமம். கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவர். இருபது வயதில் சுரங்கத்து சர்வே ஆபீஸில் செயின்மேனாகச் சேர்ந்து, 2001இல் சுரங்கம் மூடும்வரை பதினோரு வருஷம் கேஜ் என்ற இரும்புக்கூண்டில் இறங்கி, பூமிக்கடியில் லெவல் லெவலாகச் சங்கிலி பிடித்தவர். அங்கே ஒரு விதி உண்டு. அளக்காத இடத்தில் பென்சில் படக்கூடாது. பழைய தோண்டல்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். பிளானில் ஒரு கோடு ஆறடி தள்ளி விழுந்தால், அதை நம்பி வெடி வைக்கிற ஷிஃப்ட் நேராகத் தண்ணீருக்குள் போய் முட்டும். அதனால் நடக்காமல் ஒரு மனுஷன் கோடு போடுவான் என்பது சைலஸின் கற்பனைக்கே எட்டாத சங்கதி. இவ்வளவு நுணுக்கமான படத்தைப் போட்டவர் நடந்துதான் போட்டிருக்க வேண்டும். வேறு வழி ஏது?

சுரங்கத்துக்குப் பிறகு பெங்களூரில் அவர் காவல் காக்காத இடமில்லை. அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி, கார் ஷோரூம் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கேயும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இங்கே சுவரில் பார்ப்பதற்கு விஷயம் இருந்தது. 2019இல் சேர்ந்தவர், ஒவ்வொரு படத்தையும் சர்வே ஆபீஸ் கண்ணோடு அளந்துவைத்திருந்தார். இந்தியா கொஞ்சம் ஒடுங்கிவிட்டது, இலங்கைக்கு உடம்பு போட்டிருக்கிறது. 'கடற்காத்து பலமா இருந்திருக்கும், சங்கிலி ஆடியிருக்கும்' என்று அதற்கும் மன்னிப்பு வைத்திருந்தார்.

கேட்க ஆள் கிடைத்ததும் கதை வளர்ந்தது. ஆகஸ்டில் செயின்மேனுக்கு நாகப்பட்டினத்தில் காய்ச்சல் வந்தது. செப்டம்பரில் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து அறைப் படங்களைப் போட்ட மெர்கேட்டரும் ஹோண்டியஸும்கூட எழுந்து நடக்க ஆரம்பித்தார்கள்.

சைலஸ் தினமும் தங்க வயலிலிருந்து ஏறும் காலை ரயிலில் எதிர்சீட்டு மனோகர், பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் எலக்ட்ரீஷியன். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறி மூச்சு முட்டும் நேரத்திலும் அவனுக்கு வாய் நிற்காது.

"இன்னா சைலஸ்ணா, செயின்மேன் காய்ச்சல் எப்படி கீது?"

"தேறிட்டாரு. நேத்து மசூலிப்பட்டணம் வந்துட்டாரு."

"இந்த வாரத்துக்குள்ள கல்கத்தா சேந்துருவாரா?"

"நீ சிரி. நேத்து ஒரு டாக்டரு கேட்டுட்டு கண்ணு கலங்கிட்டாரு, தெரியுமா?"

வீட்டில் மனைவி ஆனியும் விடவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் அவள். வாரத்துக்கு ஆறு நாள் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. "கட்டிலோட தூக்கிட்டுப் போனாங்கன்னு சொல்றீங்களே, தூக்கினவங்க யாரு?" என்று கேட்டாள். சைலஸ் யோசித்தார். மறுநாள் தூக்கினவர்கள் நாலு பேரும் கதைக்குள் வந்துவிட்டார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் சைலஸுக்குப் புதிதாக ஒரு நடை வந்தது. முதல் ஆளாக ரயிலிலிருந்து இறங்கினார். சட்டையை அயர்ன் பண்ணச் சொன்னார். பேசுவது என்றால் இவ்வளவு ருசியா என்று அவருக்கே ஆச்சரியம். பதினோரு வருஷம் பூமிக்கடியில் 'வலது, இடது, நில்லு' என்ற மூன்று வார்த்தையில் பிழைப்பு நடத்தியவர் அவர்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, சுமா மேடம் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியையை அழைத்து வந்தார். பழைய தேசப்படங்களையே படிப்பாகப் படித்தவர். அவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று முழுக்கக் கேட்டார். காய்ச்சல் கட்டத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான் என்று சைலஸுக்குப் பிறகுதான் புரிந்தது. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க. ஒர்டேலியஸ் இந்தியாவுக்கு வந்தார்னு எங்க படிச்சீங்க?"

"படிக்கணுமாம்மா? படத்துலயே தெரியுதே."

பேராசிரியைக்குச் சொல்லவே மனசில்லை போலிருந்தது. "அவர் இந்தியாப் பக்கமே வரலைங்க. ஆன்ட்வெர்ப்ல உட்கார்ந்து, மத்தவங்க வரைஞ்ச படங்களையும் கப்பல்ல போனவங்க கொண்டுவந்த விவரங்களையும் சேர்த்துப் போட்டது இது."

"உக்காந்தா?"

"உட்கார்ந்துதான்."

"அப்ப மெர்கேட்டர்?"

"அவரும் அப்படித்தான்."

"ஹோண்டியஸ்?"

"அவர் மெர்கேட்டரோட தகடுகளையே விலைக்கு வாங்கினார். புதுசா சிலதைச் சேர்த்து அச்சடிச்சார்."

சைலஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூன்று மாதமாக வெயிலிலும் மணலிலும் நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பேராசிரியை போன பிறகு சுமா மேடம் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சைலஸ், இனிமே நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நான் வேற ஆள் பார்க்கறேன். நீங்க அறையில உட்கார்ந்து படத்தை யாரும் தொடாம பார்த்துக்கிட்டாப் போதும்."

அன்று மாலை ரயிலில் மனோகர் வழக்கம்போல ஆரம்பித்தான். சைலஸ் விஷயத்தைச் சொன்னார். "அப்ப அந்த செயின்மேனு?" என்றான் மெல்ல.

"இல்லவே இல்லடா."

"ச்சே. நல்ல மனுஷன்ணா அவரு," என்றான் மனோகர். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் சைலஸுக்கு ஆறவில்லை. "உக்காந்த இடத்துல இருந்து கோடு போட்டிருக்கான் ஆனி. நம்ம ஆபீஸா இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நடக்காதவன் எப்படி கோடு போடலாம்?"

ஆனி தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க மட்டும் இன்னா பண்ணீங்களாம்? அந்தாள் கடலத் தாண்டினானான்னு விசாரிக்காமலே மூணு மாசமா ஊரு முழுக்க கோடு போட்டீங்களே."

சைலஸ் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

"குழம்பு ஆறுது," என்றாள் அவள்.

அந்த வாரம் சுமா மேடத்திடம் கேட்டு, பங்களா அலமாரியிலிருந்து ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஆனி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொன்னாள். முதல் பக்கங்கள் போகப் போக சைலஸின் முகம் கடுகடுவென்று இருந்தது. ஒர்டேலியஸ் தொழிலை ஆரம்பித்ததே மற்றவர்கள் அச்சடித்த படங்களுக்கு வண்ணம் பூசித்தான் என்று ஆனி வாசித்தபோது, "அதான பாத்தேன்" என்றார். அடுத்த பக்கத்தில் ஆனி நிறுத்தினாள்.

"இதக் கேளுங்க. இந்தப் படமெல்லாம் யார் யார் வேலைய வெச்சு பண்ணினதுன்னு அவரே ஒரு பட்டியல் போட்டிருக்காராம். புத்தகத்தோட முன்னாடியே. முதல் பதிப்புலயே எண்பத்தி ஏழு பேரு."

"பேரோடயா?"

"பேரோட."

"எண்பத்தி ஏழு பேரா?"

"நான் இன்னா தெலுங்குலயா படிக்கிறேன்? எண்பத்தி ஏழு."

சைலஸ் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். ஒரு மனுஷன் தான் நடக்கவில்லை என்பதை மறைக்காமல், யார் கோட்டை எடுத்துப் போட்டேன் என்று அச்சடித்து முன்னாலேயே வைத்திருக்கிறான். சைலஸ் யார் பெயரைச் சொன்னார்? யாரிடமும் கேட்கவில்லை, எங்கேயும் பார்க்கவில்லை, மொத்தத்தையும் தன் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைத் தங்கள் ஊரில் யாரிடம் கொடுத்தார்களோ.

அப்போதுதான் சர்வே ஆபீஸ் வழக்கம் நினைவுக்கு வந்தது. பிளானில் தப்பு கண்டுபிடித்தால் ஆபீஸில் இருக்கும் பிளானைத் திருத்துவதோடு வேலை முடியாது. அதன் காப்பி எத்தனை பேரிடம் போயிருக்கிறதோ அத்தனை பேருக்கும் சீட்டு போகும். ஒவ்வொருவரும் தன் காப்பியைத் திருத்தி, 'திருத்திவிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். கடைசிச் சீட்டு வந்து சேரும்வரை அந்தப் பிளான் டிராயருக்குள்தான். யாரும் தொட முடியாது. அந்தச் சீட்டுகளை ஒவ்வொரு சுரங்கக் குழிக்கும், ஷாஃப்ட் ஷாஃப்டாக அலைந்து வசூல் பண்ணியதே சைலஸ்தான்.

பார்வையாளர் புத்தகத்தில் ஜூலை பன்னிரண்டிலிருந்து அக்டோபர் பதினான்குவரை தொண்ணூற்று நான்கு பெயர்கள் இருந்தன. எண்பத்தொரு பேர் போன் நம்பர் எழுதியிருந்தார்கள். பதின்மூன்று பேர் முகவரி மட்டும்; அவர்களுக்குத் தபால் கார்டு.

சைலஸ் தமிழில் எழுதினார். ஆனி ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்தாள். கன்னடம் மனோகருடைய பொறுப்பு, பங்காருபேட்டைக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவே நின்றுகொண்டே தட்டச்சினான். செய்தி இவ்வளவுதான்:

"வணக்கம். இன்ன தேதியில் நீங்கள் தேசப்படங்கள் பார்க்க வந்தபோது, ஒர்டேலியஸ் இந்தியக் கரை முழுவதும் நடந்து அளந்தார் என்று சொன்னேன். அது தவறு. அவர் இந்தியாவுக்கு வரவில்லை. மற்றவர்கள் வேலையிலிருந்து சேர்த்துச் செய்தார், அவர்கள் பெயர்களையும் அச்சிட்டார். செயின்மேனும் அவருடைய காய்ச்சலும் நானாகச் சொன்னவை. தயவுசெய்து திருத்திக்கொண்டு, 'திருத்திவிட்டேன்' என்று பதில் எழுதவும். இப்படிக்கு, சைலஸ், காவலர்."

முதல் பதில் நாலு நிமிடத்தில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். சைலஸ் ஏற்றுக்கொள்ளவில்லை.

"அண்ணா, சரின்னுதான் அர்த்தம்," என்றான் மனோகர்.

"கட்டைவிரல் செல்லாது. எழுத்துல வேணும்."

எழுத்திலும் வந்தன. ஒருவர் 'யார்யா நீ?' என்று கேட்டார். யார் என்று சைலஸ் போன் பண்ணி விளக்கியதும் திருத்திக்கொண்டார். நாற்பது பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் எல்லோரும் கடற்கரையில் நடக்கும் ஒர்டேலியஸை வரைந்து சுவரில் ஒட்டியிருந்ததாகவும், இப்போது ஆளுக்கொரு நாற்காலியை வரைந்து அவருக்கு அடியில் சேர்த்துவிட்டதாகவும் போட்டோ அனுப்பினார். போட்டோவில் நாற்பது நாற்காலிகள் கடலலைக்குள் நின்றன. மைசூர் ஆசிரியை ஒருவர் எழுதியது இப்படி: 'அவர் அவ்வளவு தூரம் நடந்தார் என்று கேட்டுத்தான் நான் காலையில் நடக்கவே ஆரம்பித்தேன். இப்போது நிறுத்த வேண்டுமா?' சைலஸ் பதில் போட்டார்: 'நடையை நிறுத்த வேண்டாம். ஒர்டேலியஸை மட்டும் நிறுத்தவும்.'

மூன்றாவது வாரம் சுமா மேடம் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவருடைய போன் இருந்தது.

"என்ன சைலஸ் இது? நாம தப்பு பண்ணினோம்னு ஊர் பூரா நீங்களே தண்டோரா போடறீங்களா?"

"தப்பு போயிருக்கில்ல மேடம். திரும்ப வாங்கணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

"நீங்க வேணாம்னு சொல்லிட்டா?"

சுமா மேடம் போனை அவர் பக்கம் திருப்பினார். பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். தங்களைத் தேடிப்பிடித்துத் திருத்திய அந்த ஆளைப் பார்க்க மறுபடி வர வேண்டும், எந்த நாள் வந்தால் அவர் பேசுவார் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

"திங்கட்கிழமையிலேருந்து நீங்களே பேசுங்க," என்றார் சுமா. "பேராசிரியை உங்களுக்கு நாலு புத்தகம் அனுப்பறாங்க. படிச்சிட்டுப் பேசுங்க, அவ்வளவுதான்."

இதைவிடப் பெரிதாக சைலஸ் எதையும் கேட்டிருக்க மாட்டார். ஆனால் தலை தானாக ஆடியது. "முடியாது மேடம். இன்னும் ஒன்பது பேரு பாக்கி."

"யார் பாக்கி?"

"சீட்டு வரல. கடைசி சீட்டு வர்ற வரைக்கும் பிளான வெளிய எடுக்கக் கூடாது."

"இது சுரங்கம் இல்ல சைலஸ். இங்க யாரும் சாகப் போறதில்ல."

"தெரியும் மேடம். அதனாலதான் இவ்ளோ நாள் நிம்மதியா தப்பு சொல்லிட்டு இருந்தேன்."

சுமா மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இங்க யார் முதலாளின்னு எனக்கே சந்தேகமா இருக்கு. போங்க."

பேராசிரியையின் புத்தகங்களை வாசித்து முடித்தபோது சைலஸிடம் சொல்வதற்கு முன்னைவிடப் பத்து மடங்கு விஷயம் இருந்தது. எல்லாம் சரியான விஷயம், பக்க எண்ணோடு. சொல்லத்தான் வழியில்லை. வாயை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஒருவர் தன் மனைவியிடம் அந்தப் பெரிய மீனைக் காட்டி, "இது நீர்மூழ்கிக் கப்பல்" என்று விளக்கினார். சைலஸ் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தாங்காமல் வெளியே போய் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். யாராவது நேராகக் கேட்டால் "டாய்லெட் வலது பக்கம்" என்பதோடு சரி.

சுமா மேடமும் விடுகிறவர் இல்லை. வேறு ஆள் தேடுவதை நிறுத்திவிட்டு, வாசலில் ஒரு பலகை வைத்தார்: 'எங்கள் விளக்கவுரையாளர் பதிலுக்காகக் காத்திருக்கிறார். அதுவரை படங்களை நீங்களே பார்க்கவும்.' அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் சைலஸிடம் கேட்கும் முதல் கேள்வி, 'வந்திருச்சா?'

டிசம்பருக்குள் எட்டு பேர் பதில் போட்டார்கள். மிஞ்சியது ஒருவர். ராஜப்பா, ஓசூர். பார்வையாளர் புத்தகத்தில் நம்பர் இல்லை. வீட்டு எண்ணும் தெருவும் மட்டும், அழகான கையெழுத்தில். இரண்டு கார்டு போட்டும் பதிலில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைலஸும் ஆனியும் ஓசூருக்கே போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா, "பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காரு, போர்ட் பிளேர். எப்ப வருவாரோ. நம்பர் எங்ககிட்ட இல்லைங்க," என்றார். சைலஸ் மூன்றாவது கார்டை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். தொண்ணூற்று நான்கில் உங்கள் பதில் ஒன்றுதான் பாக்கி, வரும்வரை நான் பேசுவதில்லை என்று இரண்டு வரி சேர்த்துத் தன் நம்பரையும் போட்டு, கதவுக்கடியில் தள்ளிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஆனி வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள், "ராஜப்பான்னு நானே ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடட்டா? எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க அப்பா கையெழுத்த போடறது எவ்ளோ பார்த்திருக்கேன். எனக்கு நல்லா வரும்."

"போடலாம். அப்புறம் அந்தக் கோட்ட யார் நடந்தாங்கன்னு கேப்பாங்க."

"இங்க யாரு கேக்கப் போறாங்க?"

"நீதான்."

ஆனி சிரித்துவிட்டாள். உரித்த கடலையில் பாதியை அவர் கையில் கொட்டினாள். ஊர் வரும்வரை அவர் ஹோண்டியஸ் வாங்கிய தகடுகளைப் பற்றியும், செதுக்குகிறவன் ஊர்ப்பெயரைப் பின்னாலிருந்து முன்னால் எழுத வேண்டிய கஷ்டத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தார். மனைவியிடம் சொல்வது கணக்கில் வராது என்று அவரே ஒரு விலக்கு வைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். சைலஸ் குரலைத் தாழ்த்தினார். அவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள்.

மழைக்காலம் போயிற்று. இன்னொரு கிறிஸ்துமஸும் போயிற்று. வாசல் பலகை வெயிலில் வெளுத்து, சுமா மேடம் புதிதாக ஒன்று எழுதி வைத்தார். 'வந்திருச்சா?' என்று மனோகர் தினமும் கேட்பதை நிறுத்தி, திங்கட்கிழமைக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டான். 2025 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரயில் பங்காருபேட்டையை விட்டுக் கிளம்பிய நேரம், சைலஸின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நம்பர் புதியது. நெரிசலில் கையை மடக்கி எடுக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. மனோகர் அவர் தோள்மேல் எட்டிப் பார்த்து, அவரோடு சேர்ந்து படித்தான்:

"ஐயா, வணக்கம். நான் ஓசூர் ராஜப்பா. போர்ட் பிளேரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பினேன். கதவைத் திறந்தால் காலடியில் உங்கள் கார்டு மூன்று. படித்தேன், திருத்திவிட்டேன். ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் சொன்ன கதையை அங்கே நான் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மருமகன், மாடிவீட்டு வங்காளி, முடிவெட்டுகிறவர். முதல் இரண்டு பேருக்கும் இன்று காலையே போன் போட்டுத் திருத்திவிட்டேன். வங்காளிக்கு வருத்தம்தான். முடிவெட்டுகிறவர் நம்பர் என்னிடம் இல்லை. மருமகன் வெள்ளிக்கிழமை அவரிடம் முடிவெட்டிக்கொள்ளப் போகிறார், நேரில் சொல்லி, எழுதி வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை நீங்கள் பேசலாம். காலை வண்டிக்கே வந்துவிடுகிறேன், நான் வராமல் ஆரம்பித்துவிடாதீர்கள்."